பென்டாடோனிக் வடிவங்களைப் பிடிப்பதும் ஒன்றோடொன்று தொடுப்பதும்: கிற்றார் பழகுவோருக்கு

கிற்றார் பழகத் தொடங்கிய பலர் ஏ மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து சுர வரிசையின் முதலாவது வடிவத்தை (விரல் வைக்கும் இடங்களின் அமைப்பை) ஒரு கிழமைக்குள் பிடித்துவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் 5ஆம் ஃபிரெட்டுக்கும் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி பிரிக்கும் கட்டம்) 8ஆம் ஃபிரெட்டுக்கும் நடுவிலேயே நிற்கிறார்கள். மற்ற நான்கு வடிவங்களும் படமாகத் தெரியும். கேட்டால் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி வாசித்தும் காட்டுவார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகத்தான் கை வராது. வடிவங்களைத் தனித்தனியாகப் பழகியதால் வந்த குறை இது. இரண்டாவது வடிவத்தைத் தொட்ட அன்றே அதற்கும் முதலாவதற்கும் இடையிலான வழியையும் பழகிவிட்டால் இந்தக் குறை வராது. இங்கே சொல்லப்போகும் ஒழுங்கு அதற்காகத்தான்.

எந்தச் சுரங்கள்

ஏ மைனர் பென்டாடோனிக்கில் இருப்பவை ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து சுரங்கள் மட்டுமே. ஏ-யைச் சட்சமாக வைத்தால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலினோ வாய்ப்பாட்டோ படித்தவர்கள் இதைச் சுத்த தன்யாசியின் சுரங்கள் என்று உடனே அடையாளம் காண்பார்கள். இந்த ஐந்துக்குள் அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லை. அதனால்தான் ஏ மைனர், எஃப், சி, ஜி என்று கோட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறிக்கொண்டிருந்தாலும் எந்தச் சுரமும் காதைக் குத்துவதில்லை. தொடங்குபவருக்கு இதை முதலில் கொடுப்பதும் அதற்காகவே.

கிற்றாரை வழமையான சுருதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: தடித்த 6ஆம் கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. ஒரு கம்பிக்கும் அடுத்ததுக்கும் இடையில் 5 அரைச்சுரம் இருக்கும். 3ஆம் கம்பிக்கும் 2ஆம் கம்பிக்கும் நடுவில் மட்டும் 4. ஆகவே எந்த வடிவமும் 3இலிருந்து 2க்குத் தாண்டும்போது ஒரு ஃபிரெட் மேலே விலகும். வடிவங்கள் ஏன் ஒழுங்கில்லாமல் தெரிகின்றன என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதி மனப்பாடம் தேவையில்லாமல் போகும்.

முதலாவது வடிவம்

6ஆம் கம்பி: 5, 8
5ஆம் கம்பி: 5, 7
4ஆம் கம்பி: 5, 7
3ஆம் கம்பி: 5, 7
2ஆம் கம்பி: 5, 8
1ஆம் கம்பி: 5, 8

5ஆம் ஃபிரெட்டுக்குச் சுட்டுவிரல், 7க்கு மோதிரவிரல், 8க்குச் சின்னவிரல். சின்னவிரல் பலமில்லை என்று 8ஐயும் மோதிரவிரலால் எட்டிப் பிடிப்பவர்கள் உண்டு. இந்த வடிவத்துக்குள் அது சமாளிக்கும். அடுத்த வடிவத்தில் 7க்கும் 10க்கும் ஒரே நேரத்தில் விரல் வேண்டியிருக்கும்; அங்கே கை கட்டுப்பட்டுப் போகும். ஆகவே முதல் நாளிலிருந்தே சின்னவிரலை வேலைக்கு விடுங்கள். விரலை ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டிவரும். ஃபிரெட் கம்பியின் மேலேயே வைத்தால் நாதம் அடங்கிவிடும்.

பிக்கை (கம்பியை அடிக்கும் சிறு தகட்டை) ஒரு தரம் கீழே, ஒரு தரம் மேலே என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கம்பி மாறும் இடத்திலும் அந்த ஒழுங்கு குலையக்கூடாது.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, தட்டுக்கு ஒரு சுரம் வாசியுங்கள். ஏற 12, இறங்க 12. உச்சிச் சுரத்தையும் அடிச் சுரத்தையும் இரண்டு தரம் அடிக்க வேண்டும். மொத்தம் 24 சுரம், அதாவது ஆதி தாளத்தில் சரியாக 3 ஆவர்த்தனம். கையால் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது நல்ல வசதி. சமத்துக்கு (தாளத்தின் முதல் தட்டுக்கு) வந்து சேராவிட்டால் எங்கோ ஒரு சுரம் தவறியிருக்கிறது என்று எண்ணாமலே தெரிந்துவிடும். தொடர்ந்து 3 சுற்று சுத்தமாக வந்தபின் வேகத்தை 4 கூட்டுங்கள். 80 வரை வந்தால் அடுத்த படிக்கு அது போதும்.

இனி, பலர் தாண்டிப் போய்விடும் ஒரு வேலை. இந்த வடிவத்தில் சட்சம் மூன்று இடத்தில் இருக்கிறது: 6ஆம் கம்பி 5, 4ஆம் கம்பி 7, 1ஆம் கம்பி 5. வாசிக்கும்போது அந்த மூன்று இடத்திலும் வாய்விட்டு "ச" என்று பாடுங்கள். கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைப் போட்டு 6 கட்டையில் வைத்தால் அது ஏ. அதன்மேல் வாசிக்கும்போது எந்தச் சுரத்தில் நின்றால் வாக்கியம் முடிந்ததாகக் கேட்கிறது, எதில் நின்றால் தொங்குகிறது என்பது காதுக்குப் பிடிபடும். வடிவங்களுக்குள் கை வழிதவறும்போது திரும்பி வர அடையாளம் இந்தச் சட்சங்கள்தான்.

இரண்டாவது வடிவமும் முதல் பொருத்தும்

6ஆம் கம்பி: 8, 10
5ஆம் கம்பி: 7, 10
4ஆம் கம்பி: 7, 10
3ஆம் கம்பி: 7, 9
2ஆம் கம்பி: 8, 10
1ஆம் கம்பி: 8, 10

கையை 7ஆம் ஃபிரெட்டில் நிறுத்துங்கள். 7க்குச் சுட்டுவிரல், 8க்கு நடுவிரல், 9க்கு மோதிரவிரல், 10க்குச் சின்னவிரல். சட்சம் இங்கே இரண்டு இடத்தில்: 4ஆம் கம்பி 7, 2ஆம் கம்பி 10.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது வடிவத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே உள்ள சுரம் எதுவோ, அதுவே இரண்டாவது வடிவத்தில் கீழே உள்ள சுரம்: 8, 7, 7, 7, 8, 8. ஐந்து வடிவங்களுக்கும் இதே விதிதான். ஒரு வடிவத்தின் மேல் எல்லை அடுத்த வடிவத்தின் கீழ் எல்லை. ஆகவே இரண்டாவது வடிவத்தில் புதிதாகப் படிக்க வேண்டியவை ஆறே ஆறு சுரங்கள்.

இப்போது முதலாவது வழி. சட்சத்தில் தொடங்கிச் சட்சத்தில் முடியும் இரண்டு ஸ்தாயி, 11 சுரம்:

6ஆம் கம்பி: 5, 8
5ஆம் கம்பி: 5, 7
4ஆம் கம்பி: 5, 7
3ஆம் கம்பி: 5, 7, இழுத்து 9
2ஆம் கம்பி: 8, 10

3ஆம் கம்பியில் 7ஐ அடித்த மோதிரவிரலை எடுக்காமல், அழுத்தத்தையும் விடாமல் 9 வரை இழுத்துக் கொண்டுபோங்கள். விரலோடு சேர்ந்து கட்டைவிரலும் கழுத்தின் பின்பக்கமாக நகரவேண்டும். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. கட்டைவிரல் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, விரல் மட்டும் எட்டிப் போகும். 9 சத்தம் கேட்கும். ஆனால் அடுத்து 2ஆம் கம்பி 8க்கு நடுவிரல் போய்ச் சேராது. கட்டைவிரலும் வந்திருந்தால் சுட்டுவிரல் தானாக 7இன் மேல் நிற்கும், நடுவிரல் 8இன் மேல் நிற்கும், கை முழுவதும் இரண்டாவது வடிவத்துக்குள் வந்திருக்கும்.

இழுக்கும்போது நாதம் நடுவில் செத்தால் அழுத்தம் குறைந்துவிட்டது. கீச்சென்று கத்தினால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது கம்பியில் துரு.

இறங்கும்போது இதே வழி: 3ஆம் கம்பி 9இலிருந்து மோதிரவிரலால் 7க்கு இழுத்து, 5ஐச் சுட்டுவிரலால் பிடித்து, முதலாவது வடிவத்துக்குள் திரும்புங்கள்.

இந்த ஒரு வழி கைக்கு வந்தபின், வழி மாறும் கம்பியை மாற்றுங்கள். 5ஆம் கம்பியில் என்றால் 5ஐப் பிடித்த சுட்டுவிரலை 7க்கு இழுத்து, 10ஐச் சின்னவிரலால் பிடித்து, மிகுதியை இரண்டாவது வடிவத்தில் வாசியுங்கள். எந்த விரலால் இழுப்பது என்ற குழப்பம் வந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: போய்ச் சேரும் ஃபிரெட் புதிய வடிவத்தில் எந்த விரலுக்கு உரியதோ, அந்த விரலால் இழுக்க வேண்டும். 3ஆம் கம்பி 9 மோதிரவிரலுக்கு உரியது. 5ஆம் கம்பி 7 சுட்டுவிரலுக்கு உரியது. வேறு விரலால் போனால் சேர்ந்த பிறகு கை இன்னொரு தரம் ஒதுங்கவேண்டி வரும், அதற்குள் தாளம் போய்விடும்.

ஒவ்வொரு நாளும் ஒரு கம்பி, ஆறு நாளுக்கு ஆறு கம்பி. ஏழாம் நாள் கலந்து வாசியுங்கள். மூன்றாவது வடிவத்துக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டு வடிவத்துக்குள் தடையில்லாமல் போய்வருபவர், ஐந்தையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவரைவிட நன்றாக வாசிப்பார்.

கீழ்ப்பக்கம்: ஐந்தாவது வடிவம்

புத்தகங்களில் அடுத்து மூன்றாவது வடிவம் வரும். அக்கூஸ்டிக் கிற்றார் வைத்திருப்பவர்கள் அதற்கு முதல் ஐந்தாவதைப் பழகுவது நல்லது. நைலோன் கம்பி கிற்றாரில் 12ஆம் ஃபிரெட்டோடும், பெரும்பாலான இரும்புக் கம்பிக் கிற்றாரில் 14ஆம் ஃபிரெட்டோடும் கழுத்து உடலோடு சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே கை போவது சிரமம். ஐந்தாவது வடிவமோ முதலாவதற்கு உடனே கீழேயும் இருக்கிறது.

6ஆம் கம்பி: 3, 5
5ஆம் கம்பி: 3, 5
4ஆம் கம்பி: 2, 5
3ஆம் கம்பி: 2, 5
2ஆம் கம்பி: 3, 5
1ஆம் கம்பி: 3, 5

மேல் எல்லையைப் பாருங்கள்: ஆறு கம்பியிலும் 5. முதலாவது வடிவத்தின் கீழ் எல்லையும் ஆறு கம்பியிலும் 5. இவை இரண்டும் ஒரே நேர்கோட்டில் சந்திப்பதால் மனதில் வைத்திருக்க மிகவும் சுலபம். கழுத்தின் கீழ்ப்பக்கம் ஃபிரெட்டுகள் அகலம் என்பதால் 2க்கும் 5க்கும் நடுவில் விரல் விரிக்கக் கொஞ்சம் நோகும். மணிக்கட்டை மடிக்காமல் முழங்கையைச் சற்று முன்னே கொண்டுவந்தால் எட்டும். நோவு கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கழுத்தைக் குறுக்காகக் கடக்கும் வழி

மூன்று வடிவம் தெரிந்த நிலையில் பழகவேண்டிய மிகப் பயனுள்ள பாடம் இது. இரண்டே விரலால், ஆறு கம்பியையும் கடந்து, 3ஆம் ஃபிரெட்டிலிருந்து 12 வரை போகலாம்.

6ஆம் கம்பி: 3, 5
5ஆம் கம்பி: 3, 5, இழுத்து 7
4ஆம் கம்பி: 5, 7
3ஆம் கம்பி: 5, 7, இழுத்து 9
2ஆம் கம்பி: 8, 10
1ஆம் கம்பி: 8, 10, இழுத்து 12

ஒவ்வொரு கம்பியிலும் முதலாவது சுரம் சுட்டுவிரல், இரண்டாவது மோதிரவிரல், இழுப்பதும் மோதிரவிரல். இரண்டு சுரம், மூன்று சுரம், இரண்டு, மூன்று என்று மாறி மாறி வரும். 2ஆம் கம்பியில் 7க்குப் பதிலாக 8இல் தொடங்குவது முன்பு சொன்ன அந்த ஒரு ஃபிரெட் விலகல்தான்.

சட்சங்கள் எங்கே என்று தேடுங்கள்: 6ஆம் கம்பி 5, 4ஆம் கம்பி 7, 2ஆம் கம்பி 10. மூன்றும் மோதிரவிரலின் கீழே. இனிச் சுருதிப்பெட்டியை 6 கட்டையிலிருந்து 1 கட்டைக்கு மாற்றி, ஒரு ஃபிரெட்டும் மாற்றாமல் அதே வழியை வாசியுங்கள். 1 கட்டை சி. சி-யிலிருந்து எண்ணினால் சி, டி, இ, ஜி, ஏ: மோகனத்தின் சுரங்கள். அவ்வளவு நேரம் மைனராகக் கேட்ட அதே சுரங்கள் இப்போது மேஜர் பென்டாடோனிக்காகக் கேட்கும். சி இருக்கும் இடங்கள் 5ஆம் கம்பி 3, 3ஆம் கம்பி 5, 1ஆம் கம்பி 8. மூன்றும் சுட்டுவிரலின் கீழே. மைனர் என்றால் மோதிரவிரல் வீடு, மேஜர் என்றால் சுட்டுவிரல் வீடு, வழி ஒன்றே.

சுருதியை மேலும் மாற்றிப் பார்க்க விரும்பினால்: 2 கட்டையில் மத்தியமாவதி, 3 கட்டையில் இந்தோளம், 5 கட்டையில் சுத்த சாவேரி. கிரக பேதம் (அதே சுரங்களில் சட்சத்தை மாற்றி வேறு ராகம் காண்பது) என்று வகுப்பில் படித்தது இங்கே விரலுக்குத் தெரியவரும். ராகம் என்பது சுரவரிசை மட்டும் அல்ல, கமகமும் பிடிப்பும் சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். ஃபிரெட் தருவது சுரத்தானத்தை மட்டும். ஆனால் கோயில் நாதஸ்வரத்தில் மோகனத்தையும் மத்தியமாவதியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஐந்து வடிவங்களையும் ஐந்து படமாக நினைவில் வைப்பதைவிட இந்த ஒலி வேறுபாட்டால் நினைவில் வைப்பது நிச்சயமாகச் சுலபம்.

மிகுதி இரண்டு வடிவம்

மூன்றாவது, 6ஆம் கம்பியிலிருந்து: 10-12, 10-12, 10-12, 9-12, 10-13, 10-12. நான்காவது: 12-15, 12-15, 12-14, 12-14, 13-15, 12-15. நான்காவதை 12 ஃபிரெட் கீழே இறக்கினால் திறந்த கம்பிகளோடு வரும்: 0-3, 0-3, 0-2, 0-2, 1-3, 0-3. அக்கூஸ்டிக்கில் அதைத்தான் கூடுதலாகப் பாவிப்பீர்கள். பொருத்துகளைப் பழகும் முறை முன்பு சொன்னதேதான்.

இந்தக் கட்டத்தில் தனிக் கம்பிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3ஆம் கம்பியில் மட்டும்: 0, 2, 5, 7, 9, 12, 14. ஒரு சுரம் அடித்து, அது எந்த வடிவத்தின் மேல் எல்லை, எந்த வடிவத்தின் கீழ் எல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மெதுவான வேலை. ஆனால் ஒரு வடிவத்துக்கும் மற்றதுக்கும் நடுவில் வெற்றிடம் இல்லை என்று கைக்குப் புரியவைப்பது இதுதான்.

ஏற்ற இறக்கத்தோடு நின்றால்

ஏற்றி இறக்கி மட்டும் பழகினால், தனியாக வாசிக்க விட்டபோதும் ஏற்றி இறக்கித்தான் வாசிப்பீர்கள். சங்கீத வகுப்பின் வரிசைகள் இங்கே அப்படியே உதவும். ஜண்டை வரிசை போல ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு தரம் அடித்தால் பிக் கை சீராகும். பிறகு மூன்று மூன்றாக: ச க ம, க ம ப, ம ப நி, ப நி ச. குறுக்கு வழியில் இதை வாசிக்கும்போது இழுப்பு ஒரு குழுவின் நடுவில் வந்து விழும். அங்கே தாளம் ஓடிவிடப் பார்க்கும். 50க்கு இறக்கிப் பழகுங்கள்.

அதன்பின் ஒரு கட்டுப்பாடு வைத்து வாசியுங்கள். ஏ மைனர், ஜி, எஃப், ஜி என்று நாலு கோட்டை ஒவ்வொன்றும் 4 தட்டாக நண்பர் ஒருவர் வாசிக்கட்டும், அல்லது கைபேசியில் பதிந்து ஓடவிடுங்கள். முதல் இரண்டு கோட்டுக்கு முதலாவது வடிவம், அடுத்த இரண்டுக்கு இரண்டாவது வடிவம், ஒரு வாக்கியத்துக்கு 5 சுரத்துக்கு மேல் கூடாது, கடைசிச் சுரம் சட்சம். இப்படி நெருக்கினால்தான் கை வழியைத் தேடும்.

கம்பியைப் பற்றி

இழுத்து வாசிப்பதற்குக் கம்பி வழுவழுப்பாக இருக்கவேண்டும். குருநகர், பாசையூர் போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்றில் இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். விரல் வியர்வையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. வாசித்து முடிந்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். கிற்றாரைத் தகரக் கூரையின் கீழே சுவரில் தொங்கவிட வேண்டாம்; சூட்டில் பிறிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) ஒட்டிய பசை இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் வாங்கிக் கம்பி உயர்ந்துவிடுவதும் உண்டு. இரும்புக் கம்பிக் கிற்றாரில் 12ஆம் ஃபிரெட்டில் 6ஆம் கம்பியின் உயரம் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. 3.5க்கு மேல் போனால் குறை உங்கள் விரலில் இல்லை; திருத்துபவரிடம் காட்டுங்கள்.

வேறு சுருதிக்கு

முழு அமைப்பையும் அப்படியே தள்ளலாம். முதலாவது வடிவத்தை 3ஆம் ஃபிரெட்டில் தொடங்கினால் ஜி மைனர், 7இல் பி மைனர், 12இல் இ மைனர். மேஜர் பாட்டுக்கு, 6ஆம் கம்பியில் அந்தச் சுருதி இருக்கும் ஃபிரெட்டிலிருந்து 3 குறைத்து முதலாவது வடிவத்தை வைக்கவேண்டும். டி மேஜர் என்றால் 10இல் 3 போக 7. குறுக்கு வழியும் அதேபோல் 2 ஃபிரெட் தள்ளி 5இல் தொடங்கும்.

தேவாலயப் பாடல் குழுவில் ஜி மேஜர் கேட்டாலோ, 5 கட்டையில் மோகனம் பாடுபவருக்குப் பின்னால் வாசிக்க நேர்ந்தாலோ, அந்த வழியைத் தள்ளினால் 10ஆம் ஃபிரெட்டில் தொடங்கி 19இல் முடியும், அக்கூஸ்டிக்கில் சரிவராது. அதற்கு மூன்று சுரத்தில் தொடங்கும் இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது:

6ஆம் கம்பி: 3, 5, இழுத்து 7
5ஆம் கம்பி: 5, 7
4ஆம் கம்பி: 5, 7, இழுத்து 9
3ஆம் கம்பி: 7, 9
2ஆம் கம்பி: 8, 10, இழுத்து 12
1ஆம் கம்பி: 10, 12

விரல்கள் முன்போலவே. ஜி வருவது 6ஆம் கம்பி 3, 4ஆம் கம்பி 5, 2ஆம் கம்பி 8: எல்லாம் சுட்டுவிரல். இ மைனர் பாட்டென்றால் வீடு 5ஆம் கம்பி 7, 3ஆம் கம்பி 9, 1ஆம் கம்பி 12, மோதிரவிரலில். 3ஆம் கம்பியிலிருந்து 2ஆம் கம்பிக்குப் போகும் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 9 முடிந்ததும் சுட்டுவிரல் 7க்கே திரும்பப் பார்க்கும், 8இல் வைக்கவேண்டும். அந்த நான்கு சுரத்தை மட்டும், 3ஆம் கம்பி 7, 9, 2ஆம் கம்பி 8, 10 என்று, தனியாக எடுத்து 20 தரம் வாசித்துவிட்டு முழு வழிக்குப் போங்கள்.